பயறு ஊற வைப்பது: கல்லாப்பெட்டிக்கு எதிரில் நின்று கேட்ட கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மூட்டையாக எடுத்து வந்து, இங்கே கால் கிலோ, அரை கிலோவாகப் பிரித்து விற்கிறோம். பயறு வாங்க வருபவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது ஊற வைப்பதைப் பற்றித்தான். எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற வீடுகள் உண்டு, பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு, சௌகார்பேட்டையில் வாடகை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வந்த குஜராத்திக் குடும்பங்களும் உண்டு. வீட்டுக்கு ஒரு முறை, முறைக்கு ஒரு சண்டை. நாளைக்கு நாலு தடவை ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணே, எதை ஊற வைக்கணும், எதை அப்படியே போடலாம்?

தோல் நீக்கி உடைத்த பருப்பு எதற்கும் கட்டாயம் இல்லை. துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, மைசூர்ப் பருப்பு எல்லாம் கழுவி நேரே குக்கருக்குப் போகலாம். துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறப்போட்டால் ஒரு விசில் மிச்சம், அவ்வளவுதான்.

தோலோடு முழுசாக இருக்கிற பெரிய பயறுகளை ஊற வைத்தே ஆக வேண்டும். மூக்கடலை, வெள்ளைக் கொண்டைக்கடலை, காய்ந்த பட்டாணி, மொச்சைக்கொட்டை, ராஜ்மா, டபுள் பீன்ஸ், சோயா எல்லாம் இந்தக் கூட்டம். பச்சைப்பயறும் காராமணியும் நடுவில் நிற்பவை. ஊறினால் நல்லது, நேரமில்லை என்றால் வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்துவிட்டு வேக வைக்கலாம். நம் வீடுகளில் காராமணிக்கு வெகுநாளாக இதுதான் வழி.

குக்கர்தான் இருக்கே, நாலு விசில் சேர்த்து வுட்டா ஆச்சு. எதுக்கு ஊற வைக்கணும்?

காராமணியின் கறுப்புக் கண்ணைப் பார்த்திருப்பீர்கள். செடியில் காயோடு ஒட்டியிருந்த தழும்பு அது. எல்லாப் பயறுக்கும் அப்படி ஒரு இடம் உண்டு. தண்ணீர் முதலில் உள்ளே நுழைவது பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான், தோல் வழியாக அல்ல. அதனால்தான் ஒரு மணி நேரம் ஊறிய மொச்சையில் தோல் மட்டும் கிழவி கை மாதிரி சுருங்கி நிற்கும். உள்ளே இருக்கிற பருப்பு ஊதி அந்தச் சுருக்கத்தை நிமிர்த்த இன்னும் பல மணி நேரம் ஆகும்.

ஊறாததைக் குக்கரில் போட்டால் வேகாது என்று சொல்லவில்லை. குக்கருக்குள் 120 டிகிரி வரை சூடு ஏறும், எதுவும் ஒரு கட்டத்தில் மசியும். ஆனால் வெளிப்பக்கம் குழைந்து, தோல் கழன்று, நடுவில் மட்டும் மாவு மாதிரி நிற்கும். கேஸும் ஏகத்துக்குப் போகும்.

எவ்ளோ தண்ணி, எத்தினி மணி நேரம்?

ஒரு டம்ளர் பயறுக்கு மூன்று டம்ளர் தண்ணீர். ஊறினால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அதனால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். சின்னக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, காலையில் மேலே இருந்ததெல்லாம் காய்ந்து கிடக்கிறது என்று வருபவர்கள் மாதம் ஒருவராவது உண்டு.

நேரத்துக்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், பயறைப் பாருங்கள். ஒன்றை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்தால் உள்பக்கம் முழுக்க ஒரே நிறமாக, தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் வெள்ளையாகக் குழி தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. கொண்டைக்கடலைக்கும் ராஜ்மாவுக்கும் எட்டிலிருந்து பத்து மணி நேரம், பட்டாணிக்கு ஆறேழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

காலையில பார்த்தா நுரை கட்டி, புளிச்ச வாடை அடிக்குது. கொட்டிடவா?

சித்திரை வைகாசியில் இந்தக் கேள்வி தினம் வரும். ஊற வைக்கச் சொல்கிற பல சமையல் குறிப்புகள் குளிரான ஊரில் எழுதப்பட்டவை. லண்டனில் ஒரு ராத்திரி சமையலறையில் இருப்பதும் நம்மூரில் ஒரு ராத்திரி இருப்பதும் ஒன்றாகிவிடாது. இந்தச் சூட்டில் தண்ணீரும் வேகமாக ஏறும், பாக்டீரியாவும் வேகமாகப் பெருகும்.

லேசான நுரை மட்டும் என்றால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு வேக வையுங்கள். பிசுபிசுப்பும் நாற்றமும் வந்திருந்தால் கொட்டிவிடுங்கள். கோடையில் சாயங்காலமே போட்டுவிட்டு, படுக்கப் போகும்போது ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ராத்திரி மறந்துட்டேன்ணே. பன்னெண்டு மணிக்குப் படைக்கணும், இப்ப மணி எட்டு!

நவராத்திரியில் ஒன்பது நாளும் யாராவது ஒருவர் இப்படி ஓடி வருவார். பயறைக் கழுவி, நிறையத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். அமெரிக்காவில் பீன்ஸ் பாக்கெட்டுக்குப் பின்னாலேயே இந்த முறையை அச்சடித்திருப்பார்கள். நம் வீட்டில் இன்னும் வசதி, ஹாட் பாக்ஸ் இருக்கிறது. கொதித்ததை அதில் கொட்டி மூடினால் சூடு இறங்காது. பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கர். ராத்திரி முழுக்க ஊறியது போல ஒரே சீராக வேகாது, சாமி கோபித்துக்கொள்ளாத அளவுக்கு வேகும்.

ராத்திரி பூரா ஊற வெச்சேன், எட்டு விசில் வுட்டேன், கல்லாட்டம் இருக்கு. பழைய சரக்கு தள்ளிட்டியா நீ?

சில சமயம் ஆமாம். பயறு பழசாக ஆக, அதுவும் சூடும் ஈரக்காற்றும் சேர்ந்த இடத்தில் கிடந்தால், உள்ளே ஒருவகையாக இறுகிப்போகும். அப்புறம் எத்தனை மணி நேரம் ஊறினாலும் வேகாது. கடலோர ஊரில் மூட்டையைத் தரையில் போட்டு வைத்தால் இது சீக்கிரம் நடக்கும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட ராஜ்மாவை நான் இப்போதெல்லாம் வாங்குவதில்லை. வீட்டிலும் ஆறு மாசத்துக்கான பயறை வாங்கி அடுக்காதீர்கள், இது நான் வியாபாரத்துக்கு எதிராகச் சொல்வது.

ஆனால் வடசென்னையில் பாதி நேரம் குற்றவாளி தண்ணீர். எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஒரு விநாயகர் சதுர்த்திக்குத் தெருப் பிள்ளையாருக்காக மூன்று கிலோ மூக்கடலை போட்டேன். அன்றைக்கு மெட்ரோ தண்ணீர் வரவில்லை, ஊற வைத்ததும் வேக வைத்ததும் போர் தண்ணீரில். பெரிய குக்கரில் இரண்டு நடை வைத்தும் பல்லில் படும்போது டிக் டிக் என்றது. அதே மூட்டையில் மிச்சமிருந்த ஒரு கிலோவை மறுநாள் கேன் தண்ணீரில் போட்டேன், ஐந்து விசிலில் பூவாக வெந்தது. சரக்கு ஒன்றுதான், தண்ணீர்தான் வேறு.

பயறின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்கிற பசை. கடினமான போர் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் போய் அந்தப் பசையை இறுக்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வாளியில் வெள்ளையாகப் படிவதையும் சோப்பு நுரைக்காமல் இருப்பதையும் பார்த்தாலே உங்கள் போர் எப்படி என்று தெரிந்துவிடும். கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர் மென்மையானது. மீஞ்சூர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற ஆலை 2010-ல் தொடங்கியது. குழாயில் வருகிற தண்ணீர் ஏரியிலிருந்து வந்தாலும் கடலிலிருந்து வந்தாலும் போரைவிடத் தேவலை. கழுவுவதற்குப் போர், ஊறவும் வேகவும் மெட்ரோ அல்லது கேன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உப்பு போட்டு ஊற வெச்சா வேகாதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க.

மாமியாரிடம் இதைக் காட்ட வேண்டாம், ஆனால் விஷயம் நேர்மாறு. போன பதிலில் சொன்ன கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தோலிலிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தில் உப்பின் சோடியம் உட்கார்ந்துகொள்ளும். தோல் மெத்தென்று ஆகும், வெடிக்கவும் செய்யாது. ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு போதும். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலுக்குப் பட்டாணி உடையாமல் முழுசாக நிற்க வேண்டும் அல்லவா, அதற்கு இது நல்ல வழி. ஊறிய உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

புளி, தக்காளி, எலுமிச்சை விஷயத்தில் மாமியார் சொல்வது சரி. புளிப்பு சேர்ந்தால் வேகாமல் இழுக்கும்.

ஓட்டல்ல ஆப்ப சோடா போடுறாங்களே, நாமளும் போடலாமா?

போர் தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லை என்றால் போடலாம். ஒரு லிட்டருக்குக் கால் தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். சோடா பெக்டினைக் கரைக்கும். லெபனான், பாலஸ்தீனப் பக்கம் ஹம்முஸ் என்கிற கடலை மசியலுக்குக் கொண்டைக்கடலை வெண்ணெய் மாதிரி மசிய இதைத்தான் போடுகிறார்கள். இங்கிலாந்தில் மீன் வறுவலோடு ஒரு பச்சைப் பட்டாணி மசியல் வைப்பார்கள், அந்தப் பட்டாணியும் சோடாத் தண்ணீரில் ராத்திரி ஊறியதுதான். மசிய வேண்டிய பண்டத்துக்குச் சரி. சுண்டலுக்குப் போட்டால் தோல் வழுக்கும், வாயில் சோப்பு வாடை அடிக்கும், வைட்டமின் பி1 வீணாகும்.

ஊறின தண்ணியில சத்து இருக்குமே, கொட்டலாமா?

கொஞ்சம் சத்து போகும், உண்மைதான். கூடவே ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளில் ஒரு பங்கும் போகும். இவற்றை உடைக்கிற நொதி நம் சிறுகுடலில் கிடையாது. பெருங்குடலுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருக்கிற பாக்டீரியா அவற்றைத் தின்று வாயுவாக்கும். வயிறு உப்புகிறவர்கள் கொட்டிவிடுங்கள், எதைத் தின்றாலும் ஜீரணிக்கிறவர்கள் உங்கள் இஷ்டம்.

எல்லா நாட்டிலும் கொட்டுவதில்லை, ஏன், ஊற வைப்பதே இல்லை. மெக்சிகோவில் பல வீடுகளில் கறுப்பு பீன்ஸைக் கழுவி நேரே மண்பானையில் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவிடுவார்கள். ஊற வைத்துக் கொட்டினால் அந்தக் கறுப்பு நிறமும் குழம்பின் கனமும் போய்விடும் என்பது அவர்கள் வாதம். ஜப்பானில் இனிப்புக்குப் போடுகிற அசுக்கி என்ற சிவப்புப் பயறையும் ஊற வைக்காமலே கொதிக்க வைத்து, துவர்ப்புப் போக முதல் கொதித் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். நம்மூரில் கொள்ளு வெந்த தண்ணீரை ரசமாக்குகிறோம். ஊறிய தண்ணீர் வேறு, வெந்த தண்ணீர் வேறு. பின்னதைக் கொட்டுவதுதான் வீண்.

பெருங்காயம், இஞ்சி போட்டா வாயு போயிடும்ல?

ருசிக்குப் போடுங்கள். மெக்சிகோக்காரர்கள் எபசோட்டே என்றொரு தழையும், ஜப்பானியர்கள் கடற்பாசித் துண்டும் போடுகிறார்கள். ஊருக்கு ஊர் இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெருங்காயம் இருக்கிற தைரியத்தில் ஊற வைப்பதை விட்டுவிடாதீர்கள்.

பக்கத்து வூட்டு பர்மாக்கார ஆயா பட்டாணியை முளை வுட்டு வேக வைக்குது. இன்னாத்துக்கு?

அது 'பே பியோ'. பர்மாவில் காலைப் பலகாரம். மஞ்சள் பட்டாணியை ராத்திரி ஊற வைத்து, வடித்து, ஈரத்துணியில் மூடி, மூக்கு லேசாக எட்டிப் பார்த்ததும் உப்போடு வேக வைப்பது. 1960-களில் அங்கே ராணுவ ஆட்சி வந்து கடைகளை எல்லாம் அரசுடைமையாக்கியபோது திரும்பி வந்தவர்கள், பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை போட்டதோடு இதையும் கொண்டு வந்தார்கள். அத்தோ தெருவுக்கு வந்தது, பே பியோ வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. எனக்கு அந்த ஆயா ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். வறுத்த வெங்காயமும் எண்ணெயும் போட்டுச் சூடான சோற்றில் பிசைந்தால், சாதாரணப் பட்டாணியைவிட ஒரு சொட்டு இனிப்பு தூக்கலாக இருக்கும்.

விதை முளைக்கத் தொடங்கும்போது, மேலே சொன்ன வாயுச் சர்க்கரைகளைத் தானே தின்று தீர்க்கும். அதனால் வயிற்றுக்கும் லேசு. மராட்டியர் நரிப்பயறை முளைகட்டி உசள் செய்வதும், எங்கள் எதிர்வீட்டு குஜராத்தி அம்மா பச்சைப்பயறை முளைகட்டுவதும் இதே கணக்குதான்.

அப்ப முளைகட்டினதைப் பச்சையாவே சாப்பிடலாமா? ஜிம்முல சொல்றாங்க.

கர்ப்பிணி, குழந்தை, வயதானவர்கள் இருக்கிற வீட்டில் வேண்டாம். முளை வளர்கிற ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்த இடம். 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் ஈ.கோலை பரவி ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஆவியில் காட்டியோ வதக்கியோ சாப்பிட்டால் புரதம் ஒன்றும் ஓடிப்போகாது.

ராஜ்மாவுல விஷம் இருக்குன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே, நிஜமா?

வாட்ஸ்அப்பில் எப்போதாவது உண்மையும் வரும். சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற பொருள் நிறைய உண்டு. நாலைந்து கொட்டை பச்சையாகத் தின்றாலே ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வரலாம். நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். ஐந்து மணி நேரமாவது ஊற வைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். குக்கரில் வேக வைக்கிற நமக்குப் பயமில்லை.

சிக்கல் இப்போது ஆன்லைனில் வாங்குகிற ஸ்லோ குக்கரில். 80 டிகிரியில் மெல்ல வெந்தால் அந்த நஞ்சு அழியாது, வீரியம் கூடவும் செய்யும். அதில் செய்வதென்றால் முதலில் அடுப்பில் கொதிக்க வைத்துவிட்டு மாற்றுங்கள்.

வடைக்கு ஊற வைக்கறதும் சுண்டலுக்கு ஊற வைக்கறதும் ஒண்ணுதானே?

இல்லை. சுண்டலுக்கு ஊற வைப்பது வேக வைக்க, வடைக்கு ஊற வைப்பது அரைக்க. மசால் வடைக்குக் கடலைப்பருப்பு இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். அதற்கு மேல் போனால் தண்ணீர் குடித்து, மாவு தளர்ந்து, எண்ணெயையும் குடிக்கும். வடித்தபின் சல்லடையில் பத்து நிமிஷம் விட்டு, ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் தண்ணீர் தெளிக்காமல் கொரகொரவென்று அரைத்து, எடுத்து வைத்ததை முழுசாகச் சேருங்கள்.

அரபு நாட்டு ஃபலாஃபலும் இதே சாதிதான். கொண்டைக்கடலையை வேக வைக்காமல், ஊறியதைப் பச்சையாக அரைத்துப் பொரிப்பது. வெந்ததை அரைத்தால் எண்ணெயில் விழுந்ததும் கரைந்துவிடும். அண்ணாநகர்க் கடையில் ஃபலாஃபல் தின்றுவிட்டு வந்து வேகவைத்த கடலையில் செய்து பார்த்த பையன் ஒருவன் என்னிடம்தான் வந்து அழுதான். நைஜீரியாவில் காராமணியை ஊற வைத்து, கசக்கித் தோலை மிதக்கவிட்டு எடுத்து, அரைத்துப் பொரிப்பதை அக்கரா என்கிறார்கள். அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் கையோடு அது பிரேசிலுக்குப் போய் அக்கராஜே ஆனது. நாம் உளுந்தைக் கழுவித் தோல் எடுக்கிறோமே, கைவாகு அதேதான்.

ஆடி மாசக் கூழுக்கு மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வெச்சேன், மொச்சை மட்டும் வேகல.

புளித்தண்ணீரில் நேரே போட்டிருப்பீர்கள். புளிப்பைப் பற்றி மேலேயே சொன்னேன். ஊறிய மொச்சையை உப்பு மட்டும் போட்டு, விரலில் நசுங்கும்வரை தனியாக வேக வைத்துவிட்டு, குழம்பு கொதித்தபின் சேருங்கள், கடைசியாக நெத்திலிக் கருவாடு. தோல் பிடிக்காதவர்கள் ஊறிய மொச்சையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் உள்பருப்பு துள்ளி வெளியே வரும். அதுதான் பிதுக்குப் பருப்பு. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வெந்துவிடும்.

பச்சைப் பட்டாணி ஊறின தண்ணி கிளிப்பச்சையா இருக்கு. சாயமா?

அரை மணி நேரத்திலேயே தண்ணீர் பச்சையாகிவிட்டால் சாயம்தான், கொட்டிவிடுங்கள். வாங்கிய கடையில் காட்டிச் சண்டை போடுங்கள், எங்கள் கடையாக இருந்தாலும் சரி. ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீர் லேசாக மங்குவதற்குப் பயப்பட வேண்டாம்.

நாள்கணக்கா ஊற வைக்கிற பயறு எதனா இருக்கா?

இருக்கிறது, நம் கடையில் இல்லை. இத்தாலி, போர்ச்சுகல் பக்கம் லூப்பின் என்ற கசப்புக் கொட்டையை வேக வைத்து, தினம் தண்ணீர் மாற்றிப் பல நாள் ஊற வைத்துத்தான் தின்பார்கள். கசப்போடு அதிலிருக்கிற நச்சும் இறங்க வேண்டும். பெரு நாட்டு மலைக்காரர்கள் அதன் வேறொரு வகையை மூட்டையோடு ஓடுகிற ஆற்றில் போட்டு வைப்பதுண்டு.

நவதானியச் சுண்டலுக்கு எல்லாத்தையும் ஒரே குண்டான்ல ஊற வைக்கலாமா?

வேலை மிச்சம்தான், ஆனால் பச்சைப்பயறு ஊறி முடிகிற நேரத்தில் ராஜ்மா பாதிதான் ஊறியிருக்கும். மூக்கடலையின் சாயம் மொச்சையில் ஏறி எல்லாம் அழுக்காகத் தெரியும். மூக்கடலை, ராஜ்மா, கொள்ளு ஒரு பாத்திரம், மொச்சை தனி, இரண்டும் ராத்திரியே. பச்சைப்பயறும் காராமணியும் விடியற்காலையில் எழுந்ததும்.

குக்கரில் முதலில் பெரியவற்றை நாலு விசில். பிரஷர் அடங்கித் திறந்ததும் ராஜ்மா ஒன்றை நசுக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் சின்னவற்றைச் சேர்த்து இன்னும் ஒரே விசில். வெள்ளைப் பட்டாணி மட்டும் யாரோடு போட்டாலும் குழைந்து எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். அதைத் தனிச் சட்டியில் திறந்து வேக வைத்து, தேங்காய்ப்பூ தூவுகிற நேரத்தில் கொட்டிக் கிளறுங்கள்.